புழுதி றோட்டுக்கு ஏற்ற மாற்றம் எது?

கேள்வி:

அண்ணை, எனக்கு வயது 24. புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு, கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை. விசுவமடு, பரந்தன் வழியாகத் தினமும் போய் வருகிறேன். வீட்டிலிருந்து தார் றோட்டுக்கு வரும்வரை கிரவல் ஒழுங்கை. மாதம் ஒருமுறை அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போவேன். அண்மையில் பழைய பல்சர் 150 ஒன்று வாங்கினேன், கபறேற்றர் மொடல். ஓடுகிறது, ஆனால் இழுவை குறைவு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும் பிறகு வேகம் எடுக்கும்போதும் கொஞ்சம் நீலப் புகை வருகிறது. செயினும் சத்தம் போடுகிறது. கையில் சேர்த்து வைத்த காசு இருக்கிறது. திறந்த எயார் பில்ரர், சத்தமான சைலன்சர், பின்னுக்கு 130 ரயர், எல்ஈடி லைற், பின் மட்காட்டை வெட்டிச் சின்ன நம்பர் பிளேட், பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ற், இவையெல்லாம் செய்ய ஆசை. ஒரேயடியாகச் செய்யக் காசு போதாது. எதை முதலில் செய்யட்டும்?

பதில்:

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய ஆறில் லைற்றும் பெயின்ற்றும் செய்யலாம். ரயரைப் பற்றிக் கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும். திறந்த பில்ரர், சத்தமான சைலன்சர், மட்காட் வெட்டுவது மூன்றும் வேண்டாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நீலப் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் வேறு எதில் காசைப் போட்டாலும், ஆறு மாதத்தில் இரண்டாவது தடவையும் செலவழிக்க வேண்டிவரும்.

பைக்கை மாற்றி அமைக்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. வன்னிக்கு அது புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது அரிதானபோது இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீர்போல ஆக்கும், சுமை ஏறினால் எஞ்சின் தட்டும். இவ்வளவையும் சமாளித்து ஓட்டினார்கள். இன்று முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரிகளின் பைக்குகளைப் பாருங்கள். பின் கரியரை இரும்புக் குழாயால் பலப்படுத்தி, றெஜிபோம் பெட்டி அசையாமல் இருக்கச் சட்டம் அடித்திருப்பார்கள். அதுவும் மாற்றி அமைத்த பைக்தான். அவர்கள் தங்கள் றோட்டையும் சுமையையும் பார்த்து மாற்றினார்கள். நீங்கள் எழுதிய மாற்றங்களில் பாதி, மழையும் புழுதியும் இல்லாத நல்ல தார் றோட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்து வந்த ஆசை என்று நினைக்கிறேன். உங்கள் பைக் ஓடப்போவது கிரவல் ஒழுங்கையில்.

இன்னொன்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் இருந்த பைக்குகளைத்தான் எல்லோரும் திருத்தித் திருத்தி ஓட்டினோம். இப்போது வாங்கலாம் என்றாலும் புதிய பைக்கின் விலை உங்களைப்போல் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆகவே கையில் இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் இப்போதைக்கு ஆகப் பெரிய இலாபம்.

சரி, புகைக்கு வருவோம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அது எந்த வழியால் எரியும் அறைக்குள் போகிறது என்பதுதான் கேள்வி. இரவு முழுக்க நின்ற பைக்கைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு தடவை புகைத்துவிட்டு நின்றால், பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப் போயிருக்கும். மேலே நிற்கும் ஒயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். அது சின்னச் செலவு. ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலேற்றரைத் திருகத் திருகப் புகை கூடினால் றிங்கும் (பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் வளையம்) போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. உங்களுக்கு இரண்டு நேரமும் வருகிறது என்கிறீர்கள். இழுவையும் குறைவு என்கிறீர்கள். றிங்கில்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்து எஞ்சினைப் பிரிக்கக் கூடாது.

கொம்பிரசன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அமுக்கத்தை அளக்கும் மீற்றர், வைத்திருக்கும் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒரு பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜைப் பூட்டி, அக்சிலேற்றரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு அதே ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி உதைக்கச் சொல்லுங்கள். இப்போது அளவு நன்றாக ஏறினால், றிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியை அந்த ஒயில் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் தேய்மானம் அங்கேதான். ஏறவே இல்லை என்றால் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். இவ்வளவும் பத்துப் பதினைந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "எஞ்சின் செய்ய வேண்டும்" என்று சொல்கிறவரிடம் பைக்கை விடாதீர்கள்.

கழற்றிய கையோடு பிளக்கையும் பாருங்கள். நுனி மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் நல்லது. கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஒயில் எரிகிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்று கூடிப் பெற்றோல் குறைகிறது. உங்கள் பல்சரில் பிளக் இரண்டு என்பதை மறக்கவேண்டாம். பழைய பைக்குகளில் கை எளிதாகப் போகும் பக்கத்துப் பிளக் புதிதாக இருக்கும், மற்றது எத்தனை வருடத்துப் பழசோ என்று சொல்ல முடியாதபடி துருவேறி இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பற்றினால்தான் அந்த எஞ்சின் தன் முழு இழுவையைத் தரும். சில நேரம் இழுவைக் குறைவுக்கு இதுவே பாதிக் காரணமாக இருப்பதும் உண்டு.

இனி எயார் பில்ரர். வன்னியில் எஞ்சின் சாவதற்குப் பெரிய காரணம் வேகமும் அல்ல, சுமையும் அல்ல, புழுதி. மாரி முடிந்து வைகாசி, ஆனியில் சோளகம் வீசத் தொடங்கினால் கிரவல் றோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருபவரின் கண் இமைகூடச் சிவந்துவிடும். அந்தப் புழுதியில் நுண்ணிய மணல் இருக்கிறது. அது பில்ரரைத் தாண்டி உள்ளே போனால் ஒயிலோடு கலந்து, மண்கடதாசிபோலச் சிலிண்டர் சுவரை ஒவ்வொரு உதைக்கும் தேய்க்கும். றிங் தேயும், ஒயில் மேலே ஏறும், நீலப் புகை வரும். உங்களுக்கு முன் இந்தப் பைக்கை வைத்திருந்தவர் பில்ரரைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் ஊகம்.

அதை நீங்களே பார்க்கலாம். பில்ரர் பெட்டியையும் கபறேற்றரையும் இணைக்கும் றப்பர் குழாயைக் கழற்றி, உட்பக்கத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். அந்த இடம் பில்ரரைத் தாண்டிய இடம், சுத்தமாக இருக்க வேண்டும். விரலில் செம்மண் ஒட்டினால் பில்ரர் கிழிந்திருக்கிறது, அல்லது பெட்டி மூடி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது அந்த றப்பரே வெடித்திருக்கிறது. வெயிலில் காய்ந்த றப்பரை வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய பில்ரரைப் போட்டுவிட்டு இந்தப் பழைய றப்பரை அப்படியே விடுவது இங்கே நிறைய நடக்கிறது. புழுதி பில்ரரைச் சுற்றிக்கொண்டு வெடிப்பால் போய்விடும்.

பெட்டிக்குள் இருப்பது ஸ்பொஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காயவிட்டு, சுத்தமான ஒயிலில் நனைத்து மறுபடி பிழிந்து பூட்டுங்கள். அந்த ஒயில் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. காய்ந்த ஸ்பொஞ்சால் இந்த நுண்புழுதியை மறிக்க முடியாது. கடதாசி வகை என்றால் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டிப் பாவித்து, கறுத்ததும் மாற்றிவிட வேண்டும். எயார் அடித்துத் துப்புரவாக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீற்றர் கணக்கு நல்ல றோட்டுக்குச் சொன்னது.

இப்போது திறந்த பில்ரர் ஏன் வேண்டாம் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். அது பெட்டி இல்லாமல் வெளியில் தொங்கும். பின் சில்லு கிளப்பும் புழுதி நேராக அதில்தான் படும். மாரியில் தண்ணீரும் அதே இடத்தில்தான். தவிர, காற்று திடீரென்று கூடினால் கபறேற்றரில் ஜெற் (பெற்றோல் வரும் சின்னத் துளைக் குழாய்) மாற்றிப் பெற்றோலையும் கூட்ட வேண்டும். ஜெற் மாற்றாமல் பில்ரரை மட்டும் பூட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்போது எஞ்சின் சூடேறும், நடு வேகத்தில் திணறும். சத்தம் கூடுவதால் இழுவையும் கூடியதுபோல் தோன்றும். உண்மையில் கூடுவதில்லை.

சைலன்சரும் அதே கதைதான். உள் தடுப்பை எடுத்தால் நீங்கள் ஒழுங்கையில் ஓட்டும் கீழ் வேகத்தில் இழுவை குறையும். அக்சிலேற்றரை மூடும்போது எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய், அங்கே காற்றோடு சேர்ந்து "படார்" என்று வெடிக்கும். இந்தச் சத்தத்துக்காகத்தான் பலர் அதை வாங்குகிறார்கள். தம்பி, இதை மட்டும் மெக்கானிக்காகச் சொல்லவில்லை. நீங்கள் தினமும் போகும் அந்த வீதியின் இரண்டு பக்கமும் 2009 வரை எறிகணைச் சத்தத்துக்குள் வாழ்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு வாசலில் அப்படி ஒரு வெடி கேட்டால் கையில் இருக்கும் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு உட்காருகிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். இந்த மண்ணில் அந்தச் சத்தம் விளையாட்டுக்குரியது அல்ல. என் கராஜில் நான் யாருக்கும் அதைச் செய்து கொடுப்பதில்லை.

சட்டப் பக்கமும் இருக்கிறது. வருடா வருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். நீலப் புகையோடும் கண்டபடி காற்றுக் கலந்த கபறேற்றரோடும் போனால் அங்கே விழுந்துவிடும். சத்தமான சைலன்சருக்குப் பொலிசும் மறிக்கும். பெயின்ற் விஷயத்திலும் ஒன்று: வாகனத்தின் நிறம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. நிறத்தை மாற்றினால் புத்தகத்திலும் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் புத்தகம் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பைக்கில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்றவில்லை என்றால் பெயின்ற் காசை முதலில் அதற்கு எடுங்கள்.

ரயருக்கு வருகிறேன். உங்கள் பைக்கின் பின் றிம் 100 அளவு ரயருக்காகச் செய்தது. அதில் 130ஐ ஏற்றினால் ரயரின் இரண்டு கரையும் உள்ளே நெருக்கப்பட்டு நடு மேலே எழும்பும். றோட்டில் படும் பகுதி நீங்கள் நினைத்ததுபோல அகலமாக இராது. செயின் பக்கமும், பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்மிலும் உரசும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். ஈரக் களியில் அகல ரயர் மேலே மிதக்கும். ஒடுங்கிய ரயர் களியை வெட்டிக் கீழே உள்ள கெட்டி நிலத்தைப் பிடிக்கும். வயலுக்குப் போகும் பழைய பைக்குகள் ஒடுங்கிய ரயரோடு வரம்போரம் எப்படி ஏறிப் போகின்றன என்று கவனித்தால் தெரியும். உங்களுக்கு வேண்டியது அளவில் மாற்றமல்ல, பூவில், அதாவது ரயர் மேற்பரப்பின் வெட்டுகளில் மாற்றம். தாரிலும் கிரவலிலும் ஓடக்கூடிய கட்டை போட்ட பூ உள்ள ரயர், அதே அளவில் கிடைக்கும். மிஞ்சினால் ஒரு படி பெரிது போடலாம், அதுவும் இரண்டு பக்க இடைவெளியையும் அளந்த பிறகு.

ரயர் வாங்கும்போது கடையில் நின்றே பக்கச் சுவரில் நான்கு இலக்கத் திகதியைத் தேடுங்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ புதிதாக இருக்கும், ஆனால் றப்பர் இறுகிப் போயிருக்கும். முதல் மழையில் வழுக்கும். ஐந்து வருடத்துக்கு மேல் போன ரயரை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். காற்று முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, தனியே போகும்போது பின்னுக்கு 28, அம்மாவை ஏற்றினால் 32. காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஒழுங்கைகளில் விடத்தல் முள் கிடக்கும். ஒரு ரியூப்பும் கைப்பம்பும் பைக்கில் இருக்கட்டும்.

லைற் நல்ல யோசனை, அதில் காசு போடுங்கள். நீங்கள் வேலை முடிந்து வருவது இருட்டியபிறகு. ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் போகிறீர்கள். மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வைத்தால் அந்த 17 மீற்றர் போய்விட்டது. காய்ந்த தாரில் நன்றாகப் பிடித்தாலும் இன்னும் 23 மீற்றர் வேண்டும். மொத்தம் 40. அதே பிரேக் 80இல் என்றால் 63 மீற்றர் வேண்டும். கிரவலில் பிடிப்புப் பாதியானால் 60இலேயே அந்த 63 வந்துவிடும். பழைய பல்சரின் தாழ்ந்த வெளிச்சத்தில் ஒரு கறுப்பு எருமையை 63 மீற்றரில் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசியுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் றோட்டிலே நெல்லும் காயும், அதைச் சுற்றிக் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள்.

ஆனால் லைற்றைச் சரியாகப் பூட்ட வேண்டும். கூடுதல் லைற்றுக்கு நேரே ஹெட்லைற் வயரில் இருந்து கரண்ட் எடுக்காதீர்கள். பற்றறியில் இருந்து தனி வயர், அதில் ஒரு பியூஸ், ஒரு றிலே, சுவிட்ச். வயரை முறுக்கி நாடா சுற்றினால் மாரி ஈரத்தில் பச்சை பிடித்துவிடும். ஈயம் பற்றவைத்து மேலே குழாய் உறை போடச் சொல்லுங்கள். முதலில் பைக்கின் சார்ஜ் சரியாக இருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் லைற்றைப் போட்டுக்கொண்டு ஓடும்போது பற்றறி இறங்கிக்கொண்டே போகும். வெளிச்சத்தை ஒரு சுவருக்கு நேரே நிறுத்திக் கீழ்நோக்கிச் சரிசெய்யுங்கள், அம்மா பின்னால் ஏறி இருக்கும்போது. பின்னுக்குப் பாரம் ஏறினால் முன் லைற் மேலே தூக்கும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். அப்படிக் கூசிய ஒருவர் உங்கள் மேல்தான் வந்து ஏறுவார். புழுதியிலும் காலைப் புகாரிலும் மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்குக் கூச்சம் குறைவு என்பார்கள். ஆனால் எந்த நிறமானாலும் மேல்நோக்கி அடித்தால் கண்ணுக்கு முன்னால் ஒரு திரைபோலத் திரும்பி வரும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கக் காட்டு வீதிகளால் இரவில் போகவேண்டி வந்தால் யானையையும் நினைவில் வைத்திருங்கள். கண்டால் லைற்றை அடித்து அடித்துக் காட்டாதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள். தூரத்திலேயே நின்று, எஞ்சினை நிறுத்தாமல், திரும்பிப் போகத் தயாராக இருங்கள்.

மட்காட் வெட்டுவது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஐப்பசி வந்தால் பின் சில்லு கிளப்பும் சேறு முழுக்க அம்மாவின் முதுகில் இருக்கும். நம்பர் பிளேட்டும் மறைந்துவிடும். ஆனால் அதோடு சேர்த்துச் சிலர் சேலை காட்டையும், அதாவது பின் சில்லில் துணி சிக்காமல் மறிக்கும் தடுப்பையும், கழற்றி எறிகிறார்கள். உங்கள் பைக்கில் அது இல்லாவிட்டால் இந்தக் கிழமையே பூட்டுங்கள். சேலைத் தலைப்போ சோல் நுனியோ ஒரு விநாடியில் சில்லுக்குள் போய்ச் சுற்றிவிடும், அதன்பிறகு பிரேக் பிடித்து என்ன பயன். அம்மா கால் வைக்கும் மிதி ஆடுகிறதா, அதன் றப்பர் வழுக்குகிறதா என்று பாருங்கள். அவருக்கும் தாடைப் பட்டி பூட்டக்கூடிய, அளவான ஒரு ஹெல்மெற் வாங்குங்கள். நீங்கள் பாவித்துவிட்ட பழைய பெரிய ஹெல்மெற்றை அவருக்குக் கொடுக்கவேண்டாம்.

செயின் சத்தத்துக்கு: பெரிய ஸ்டாண்டில் போட்டுப் பின் சில்லை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தொங்கினால் அது சமமில்லாமல் நீண்டிருக்கிறது, இறுக்கிப் பயனில்லை. பல் சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் கொக்கிபோலச் சரிந்திருந்தால் அதற்கும் காலம் முடிந்தது. மாற்றினால் முன் பல் சக்கரம், பின் பல் சக்கரம், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் கெட்டுவிடும். இந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு நல்ல மாற்றம் சொல்கிறேன்: முன் பல் சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போடலாம். மணல் ஒழுங்கையிலும் இரண்டு பேர் ஏறும்போதும் இழுவை நன்றாகத் தெரியும். பரந்தன் வீதியில் வேகமாகப் போகும்போது எஞ்சின் கொஞ்சம் கூடச் சுற்றும், பெற்றோலும் கொஞ்சம் கூடும். நீங்கள் தினமும் தூரம் போவதால் இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுங்கள். பின்னுக்குச் சுமை கட்டும் ஆளாக இருந்தால் யோசிக்காமல் போடச் சொல்லியிருப்பேன். செயினுக்கு மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு 90 கியர் ஒயில் போதும். கிறீஸ் பூசாதீர்கள், புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு மாற்றம், பார்க்கவும் நன்றாக இருக்கும், பயனும் உண்டு: முன் போர்க்குக்கு மடிப்பு றப்பர் உறை. காய்ந்த சேறு அந்தப் பளபளக்கும் குழாயில் ஒட்டியபடி ஏறி இறங்கும்போது ஒயில் சீலை வெட்டிவிடும். பிறகு முன் பக்கம் எண்ணெய் ஒழுகும், சில நேரம் பிரேக் டிஸ்க்கிலும் படும். உறை போட்டால் அது பெரும்பாலும் நின்றுவிடும். நீங்கள் கேட்ட கறுப்புப் பெயின்ற்றோடு பொருத்தமாகவும் இருக்கும்.

எஞ்சின் ஒயிலை இந்தத் தடவையே மாற்றுங்கள், பழையது எப்போது மாற்றியது என்று உங்களுக்குத் தெரியாது. 20டபிள்யூ50 வகை ஒயில் விடுங்கள். போத்தலில் ஜாஸோ எம்ஏ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பைக்கில் கிளச்சும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கிறது. காருக்குச் செய்த வழுவழுப்புக் கூடிய ஒயிலை விட்டால் கிளச் வழுக்கும். புகை தீரும்வரை கிழமைக்கு ஒருமுறை அளவு பாருங்கள், குறைந்தால் உடனே விடுங்கள். ஒயில் எரிக்கும் எஞ்சினை ஒயில் இல்லாமல் ஓட்டி இறுக வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

மாரியில் வாய்க்கால் நிரம்பி றோட்டைத் தாண்டி ஓடும்போது சைலன்சர் வாய் தண்ணீருக்குள் இருந்தாலும், அக்சிலேற்றரை விடாமல் முதலாம் கியரில் மெதுவாகப் போய்விடலாம். நீர் இழுவை இருந்தால் அதுவும் வேண்டாம், நின்று விடுங்கள். பில்ரர் பெட்டிக்குத் தண்ணீர் எட்டி எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ண முயலவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் றொட் வளையும். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு உதைத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஒயில் பால்போல வெளுத்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கரை ஏறியதும் பிரேக்கை மெதுவாகப் பிடித்தபடி கொஞ்சத் தூரம் ஓட்டிக் காயவையுங்கள்.

ஆகவே காசைப் பிரிக்கும் விதம்: இந்தக் கிழமை கொம்பிரசன் சோதனை, பிளக் இரண்டு, பில்ரரும் அதன் றப்பரும், ஒயில், சேலை காட். அடுத்ததாகச் செயின் செற். பிறகு பின் ரயர், மாரிக்கு முன். பிறகு லைற். இவற்றுக்கு நடுவில் றிங் மாற்றவோ சிலிண்டரைப் போர் பண்ணி, அதாவது உட்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்ரன் போடவோ வேண்டும் என்று தெரிந்தால், லைற்றைத் தவிர மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் போகட்டும். பெயின்ற் கடைசி. எஞ்சின் இறக்கி ஏற்றும்போது டாங்கும் பக்க மூடிகளும் எப்படியும் கழற்றப்படும். எஞ்சின் வேலை வந்தால் அந்த நேரத்திலேயே பெயின்ற்றுக்கும் கொடுத்துவிட்டால் கூலி மிச்சம்.

சோதனை செய்த பிறகு மறுபடி எழுதுங்கள். ஒயில் விடுவதற்கு முன்னும் பின்னும் கேஜில் முள் நின்ற இடம், றப்பர் குழாய்க்குள் செம்மண் இருந்ததா, பிளக்குகள் என்ன நிறம், இந்த மூன்றும் வேண்டும். றிங்கோடு முடிக்கலாமா, போர் வரை போக வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.